ஒரே ஊர்ல நாலு மெய்யம்மை

காரைக்குடில ஒரு ஆஸ்பத்திரில ரெஜிஸ்ட்ரேஷன் கவுண்டர்ல இருக்கேன், பேப்பர் ஃபைல விட்டு கம்ப்யூட்டருக்கு மாறி ஒன்றரை வருஷம் ஆச்சு. டாக்டர் டைப் பண்ண மாட்டேங்குறாரு, நெட் போயிருச்சு, இதெல்லாம் எல்லா ஊர்லயும் உள்ளதுதான். எங்க பக்கம் பெரிய சிக்கல் பேருதான்.

மூத்த பையனுக்கு ஐயா (தாத்தா) பேரு, பொண்ணுக்கு அப்பத்தா பேரு இல்லாட்டி ஆயா (அம்மாவோட அம்மா) பேருன்னு வைக்கிற ஊரு இது, அதனால பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர்னு எங்கருந்து வந்தாலும் மெய்யம்மை, அழகம்மை, மெய்யப்பன்தான், இனிஷியல் ரெண்டு மூணு இருக்கும், அதையும் ஒரு தடவ சொல்வாங்க ஒரு தடவ விட்டுருவாங்க. மெய்யம்மைய இங்கிலீஷ்ல அடிக்கும்போது ஒய் ஒண்ணா ரெண்டா, நடுவுல ஐ வருமான்னு ஆளாளுக்கு ஒரு விதம். தேடுனா கிடைக்காது, உடனே புது ஆளுன்னு நெனச்சு புது நோயாளி நம்பர் போட்டுருவோம்.

போன வருஷம் காலெல்லாம் வீங்கி காய்ச்சலோட ஒரு ஆச்சி வந்தாங்க. அவங்க பழைய ஃபைல் அட்டையிலயே செவப்பு மையில பென்சிலின் ஒத்துக்காதுன்னு எழுதியிருந்துச்சு, ஆனா அது கம்ப்யூட்டர்ல ஏறுனது வேற ஸ்பெல்லிங்ல வேற நம்பர்ல. புது நம்பர்ல அலர்ஜி கட்டம் காலி. டாக்டர் அமாக்சிசிலின் கலந்த ஊசி எழுதிட்டாரு, அதுவும் பென்சிலின் குடும்பம்தான். ஊசிய கையில வச்சுக்கிட்டே சிஸ்டர் கேட்டதால ஆச்சி "முன்ன ஒரு ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு ஆத்தா"ன்னு சொன்னாங்க, அதோட நிறுத்துனோம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கட்டம் காலியா இருந்தா அலர்ஜி இல்லன்னு அர்த்தமா, யாரும் கேக்கவே இல்லன்னு அர்த்தமா? ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இப்ப "கேட்டேன், இல்ல"ன்னு தனியா டிக் பண்ணாம அடுத்த பக்கம் போகாத மாதிரி மாத்த வச்சோம், எனக்கு இந்த மாத்தம்தான் எல்லாத்தையும் விட முக்கியம். ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர்னு சந்தேகம் வந்தா பொறந்த தேதி, ஊரு, பழைய சீட்டு எல்லாம் வச்சு ரெண்டு பேரு பாத்துட்டுத்தான் ஒண்ணாக்குறோம். போன் நம்பர மட்டும் நம்ப முடியாது, பாதி வீட்டுக்கு டிரைவர் நம்பர்தான்.

2021 செப்டம்பர்ல நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்ல ஆளுக்கு ஒண்ணுன்னு ஆபா (ABHA) ங்குற 14 இலக்க சுகாதார நம்பர் தர்றாங்க, அது இருந்தா ஸ்பெல்லிங் சண்டையே இல்ல, அந்தத் திட்டத்துல சேந்த வேற ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் நோயாளி சம்மதிச்சா பாக்கலாம்.

சிங்கப்பூர்லயும் சென்னையிலயும் இருந்து இத படிக்கிறவங்க, அடுத்து ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு அந்த நம்பர எடுத்துக் குடுங்க, ஒத்துக்காத மருந்து பேரயும் சேத்து ஒரு அட்டையில எழுதி அவங்க மஞ்சப்பையில போட்டு வச்சுட்டுப் போங்க.