மாமாவின் ஆப்புக்குழிகளும் குப்கல் மாடுகளும்

ஜனவரி 15, 2025, புதன்

மாட்டுப் பொங்கல். பர்கூர் பக்கம் மாமா வீட்டுக்கு வந்திருக்கிறேன். காலையில் மாடுகளுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்து முடித்ததும் ஊருக்குப் பின்னால் இருக்கிற கரட்டில் ஏறினேன். அங்கே ஒரு பாறையில் வரிசையாக ஏழு குழி, ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். நெஞ்சு படபடத்தது. மல்லபாடியின் பழங்காலப் பாறை ஓவியம் இங்கேதான் பக்கத்தில் இருக்கிறது, 1978-இல் கே.வி. ராமன் வெளிக்கொண்டு வந்தது. அப்படியிருக்க செதுக்கல் ஏன் இருக்கக் கூடாது என்று நினைத்து, பத்து கோணத்தில் போட்டோ எடுத்து மாமாவிடம் காட்டினேன். ஒரு நொடி பார்த்தார். "டேய், இது நான் 96-ல போட்ட ஆப்புக்குழிடா, கல்லைப் பிளக்க ஆப்பு இறக்குற குழி. கல்லு கோணலா பிளந்துச்சுன்னு விட்டுட்டுப் போயிட்டோம்."

அத்தை சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஜனவரி 16

மாமா இருபது வருஷம் கருங்கல் குவாரியில் இருந்தவர். தப்பாகப் பார்த்ததற்கு ஆறுதல் போல ஒரு விஷயம் சொன்னார். அடிபட்ட இடம் முதலில் வெளுப்பாக இருக்கும், வெயிலும் மழையும் பட்டுப் பட்டுத்தான் பாறையின் நிறத்துக்குத் திரும்பும். அவர் போட்ட குழி இத்தனை வருஷம் கழித்தும் வெள்ளையாகவே இருக்கிறது. பழைய செதுக்கல்களை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான், கருப்பேறியது பழசு, வெளுத்தது புதுசு. "நிஜமானதைப் பார்க்கணும்னா எங்க போகணும்?" என்று கேட்டார். கர்நாடகத்தில் பெல்லாரி பக்கம் குப்கல் என்றேன். சரி, சனிக்கிழமை போவோம் என்றார். எனக்கே நம்ப முடியவில்லை.

ஜனவரி 18, சனி

விடியற்காலை இரண்டரைக்குக் கிளம்பி, பெங்களூர், ஹிரியூர், சள்ளகெரே வழியாகப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். குப்கல் பெல்லாரியை ஒட்டிய ஊர். மலைக்குப் பெயர் ஹிரேகுட்டா, கன்னடத்தில் பெரிய மலை. கிரானைட் மலையை அறுத்துக்கொண்டு ஒரு கருங்கல் பட்டை நாளம் போல ஓடுகிறது, டோலரைட் என்கிற கல். மாமா பார்த்ததுமே, "இது நம்ம பிளாக் கல்லுடா" என்றார். நம் பக்கத்தில் கல்லறைப் பலகைக்கும் சமையல் மேடைக்கும் வெட்டிப் போகிற அதே ஜாதிக் கல்.

ஆனால் மத்தியானம் ஒன்றுமே தெரியவில்லை. கருப்புப் பாறை மேல் கருப்புப் பாறை, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் நிழலில் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு மாமா தெலுங்கில் பேச ஆரம்பித்து, பெண்ணுக்கு எங்கே கொடுத்தீர்கள் வரை போய்விட்டார். நாலரைக்கு வெயில் சாய்ந்தது. அப்போது பாறை முகத்திலிருந்து ஒரு மாடு எழுந்தது, திமிலோடு, உடம்பை விட நீளமான கொம்போடு. அப்புறம் இன்னொன்று. கண் பழகியதும் எங்கே பார்த்தாலும் மாடு, நடுநடுவே மனித உருவங்கள். எல்லாம் ஒரே காலத்தவை இல்லை, ஆனால் நிறைய மாடுகள் புதிய கற்காலத்தைச் சேர்ந்தவை. கல் கோடரி செய்து, மாடு மேய்த்து இங்கே வாழ்ந்தவர்கள் போட்டது. 1892-லேயே இதைப் பற்றி அச்சில் வந்துவிட்டது.

மாமா விரலால் தொடாமல், மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார். "உளி படலடா. உளின்னா ஓரம் கூரா நிக்கும். இது கல்லால கல்லைப் பொத்திப் பொத்திப் போட்டது, புள்ளி புள்ளியா நசுங்கியிருக்கு பார்." சில மாடுகள் ஏணி இல்லாமல் எட்டவே முடியாத இடத்தில் இருக்கின்றன. எவன் எப்படித் தொங்கினானோ.

பிறகு சத்தக் கல். கிண்ணம் மாதிரி தேய்ந்த பள்ளங்கள் உள்ள பாறையில் மாமா ஒரு கூழாங்கல்லால் மெல்ல ஒரே ஒரு தட்டு தட்டினார். ணங்ங் என்றது, கோயில் மணி போல. மாமா பேசவே இல்லை. குவாரியில் வெட்டும் முன் தட்டிப் பார்ப்பார்களாம், உள்ளே விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும், நல்ல கல் பாடும். சிலை செய்கிறவர்கள் ஆண்கல், பெண்கல் என்று பிரிப்பதும் ஓசையை வைத்துத்தான். காரில் ஏறும்போது, "நாங்க பாடுற கல்லாப் பார்த்து அறுத்தோம்" என்றார். இந்த மலையைச் சுற்றியும் கல் உடைத்துக் கொஞ்சம் போய்விட்டது, வரும் வழியில் இரண்டு பேரும் பார்த்தோம்.

ஜனவரி 23

டிவியில் முதல்வர் அறிவிப்பு: தமிழ் மண்ணில் இரும்பு 5,300 ஆண்டுகளுக்கு முன்பே, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்ததன் காலக்கணிப்பு கி.மு. 3345. மாமா போன் செய்தார். "அப்போ நம்ம மயிலாடும்பாறை?" எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரும்பு கிடைத்த அகழாய்வு இடம் அது. அங்கே கி.மு. 2172 என்றேன். தூத்துக்குடிக்காரன் முந்திட்டானா என்று வைத்துவிட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

மாமா வீட்டு வாசலில், குவாரியில் கழித்துப் போட்ட ஒரு கருங்கல் துணி துவைக்கக் கிடக்கும். போனபோது அதன் முன் குந்தி உட்கார்ந்து, ஆற்றுக்கல்லால் பொத்திக்கொண்டிருந்தார். உளி பக்கத்திலேயே கிடந்தது, தொடவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கொம்பும் பாதித் திமிலும். கட்டைவிரலில் கொப்புளம். அத்தை வாளியோடு வந்து நின்று பார்த்தார்.

"மாட்டை முடிச்சிட்டுச் சொல்லு. துணி ஊறுது."