ரெண்டு 3டி மாடலுக்கும் 6 கிராம்தான் வித்தியாசம், ஆனா மாறினது நாலு இடம்

நாகர்கோவில் கோணம் பக்கம் சின்ன மெஷின் ஷாப் ஒண்ணுல டிசைன், புரோகிராமிங் ரெண்டும் நான்தான் பாக்குறேன். குலசேகரம், அருமனை பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம்தானே, அதனால ஷீட் அடிக்கிற ரோலர் மெஷினுக்கு உண்டான சாமான்தான் எங்களுக்கு நிறைய வரும். இந்த தடவை வந்தது ரோலரோட ரெண்டு பக்கமும் உக்கார்ற பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங்கைப் பிடிச்சு வைக்கிற கூடு, உள்ள 6206 நம்பர் பேரிங், மொத்தம் 12 எண்ணம். கோயம்புத்தூர்ல இருந்து காஸ்டிங், அதாவது இரும்பை உருக்கி ஊத்தின வார்ப்பு, வந்து இறங்கி, மறுநாள் காலைல மெஷின்ல ஏத்தணும்னு இருக்கும்போது சாயங்காலம் கஸ்டமர்கிட்ட இருந்து புது ஸ்டெப் ஃபைல் வருது, எந்த 3டி சாஃப்ட்வேர்லயும் திறக்கிற மாடல் ஃபைல் அது. கூட ஒரே ஒரு வரி, "ஸ்லாட் கொஞ்சம் பெருசாக்கியிருக்கோம், ரெவிஷன் பி பாத்து பண்ணுங்க". ஸ்லாட்னா அடித்தட்டுல போல்ட் போற நீள ஓட்டை, ரெவிஷன் பின்னா திருத்தின புது பதிப்பு. வேற என்ன மாத்தினாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. எனக்கு வெப்ராளம் வந்துட்டு, ஏன்னா காஸ்டிங் பழைய மாடலுக்கு ஊத்தினது.

ஓனர் அண்ணன் எட்டிப் பாத்துட்டு "மக்கா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு, தெரிஞ்சிரும்"னாரு. வச்சுப் பாத்தேன். ஸ்லாட் தெரிஞ்சுது. மத்ததெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு. ஆனா கண்ணை மட்டும் நம்பி 12 காஸ்டிங்ல கை வைக்க மனசு வரல.

ஸ்டெப் ஃபைல் டெக்ஸ்ட் ஃபைல்தானேன்னு ரெண்டையும் டெக்ஸ்ட் கம்பேர்ல போட்டேன். கிட்டத்தட்ட எல்லா வரியும் சிவப்பு. காரணம் என்னன்னா அதுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர் இருக்கும், ஒரு வரி இன்னொரு வரியை அந்த நம்பரை வச்சுத்தான் கூப்பிடும், திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணினா நம்பர் மொத்தமா மாறிப் போகலாம், மாடல்ல ஒண்ணுமே தொடலைன்னாலும். ஆனா ஒரு பிரயோஜனம் இருந்துச்சு. மேல ஹெடர்ல எந்த தேதி, எந்த சாஃப்ட்வேர்ல இருந்து எடுத்ததுன்னு இருக்கும், அதுல ரெண்டும் வேற வேற சாஃப்ட்வேர்னு தெரிஞ்சுது. மாடலைத் திரும்பத் திறந்து பாத்தா அதே மாதிரி ஆரிஜினும், அதாவது அளவெல்லாம் தொடங்குற பூஜ்யப் புள்ளியும், வேற. பழசுல போரோட, அதாவது பேரிங் உக்கார்ற ஓட்டையோட, சென்டர், புதுசுல அடித்தட்டோட மூலை.

ரெண்டும் ஒரே சாஃப்ட்வேரோட ஒரிஜினல் ஃபைலா கிடைச்சா வேலை சுலபம், சாலிட்வொர்க்ஸ் மாதிரி டிசைன் சாஃப்ட்வேர்லயே கம்பேர் டூல் இருக்கு, ஃபீச்சர் ஃபீச்சரா காட்டும். ஸ்டெப்ல அந்த ஹிஸ்டரியே கிடையாது, வெறும் உருவம்தான் வரும். அதனால ஃப்ரீகேட்ங்கிற இலவச 3டி சாஃப்ட்வேர்ல உக்காந்தேன்.

முதல்ல வால்யூம் பாத்தேன். பழசும் புதுசும் 4 லட்சம் கன மில்லிமீட்டருக்குக் கிட்ட, வித்தியாசம் சுமார் 850 மட்டும். வார்ப்பிரும்புக்குக் கணக்குப் போட்டா 6 கிராம். 3 கிலோ சாமான்ல 6 கிராம்னா ஒண்ணுமில்லையேன்னு தோணும். ஆனா ஸ்லாட் பெருசாக்கினதா சொன்னாங்கல்ல, தட்டுல இருக்க ரெண்டு ஸ்லாட்டையும் அளந்தேன், ஒவ்வொண்ணும் 14க்கு 24 மி.மீ. இருந்தது 18க்கு 30 ஆகியிருக்கு, 16 மி.மீ. தட்டுல அதுக்கு மட்டுமே 5,600க்கு மேல போயிருக்கணும். அப்போ போனது 5,600, குறைஞ்சது 850ன்னா மீதி எங்கயோ கூடியிருக்கு. இந்தக் கணக்கு வந்ததும்தான் இது சும்மா விடுற விஷயம் இல்லைன்னு புரிஞ்சுது.

அடுத்தது ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்கார வைக்கணும், இதுலதான் நேரம் போச்சு. எதை வச்சு சேக்குறோமோ அது மாறாததுன்னு முதல்ல தெரியணும், இல்லைன்னா மாறாத இடமெல்லாம் மாறினதாக் காட்டும். நான் போர் சென்டரையும் அடிப்பரப்பையும் எடுத்துக்கிட்டேன், ஏன்னா அடில இருந்து சென்டர் உயரம் ரெண்டுலயும் 75, போர் ரெண்டுலயும் 62ன்னு தனித்தனியா அளந்து பாத்துட்டேன். பொறவு பிளேஸ்மென்ட்ல நம்பர் போட்டு நகத்தினேன், கையால இழுத்து வைக்கல.

அதுக்கு மேல பூலியன் கட். பழசுல இருந்து புதுசைக் கழிச்சா எடுத்த மெட்டல் நிக்கும், புதுசுல இருந்து பழசைக் கழிச்சா சேத்த மெட்டல் நிக்கும். ரெண்டு பக்கமும் கழிக்கணும், ஒரு பக்கம் மட்டும் செஞ்சு நிறுத்தினா பாதி கதைதான் தெரியும். வந்ததைப் பிரிச்சு வால்யூம் வாரியா அடுக்கினேன். பேப்பரை விட மெல்லிசா நிறைய சிலும்பு வந்துச்சு, ஃபில்லெட், அதாவது மூலையை உருட்டின வளைவு, இருக்க இடத்துல சாஃப்ட்வேர் மாறினதால வர்றது, ஆனாலும் ஒவ்வொண்ணையும் எங்க இருக்குன்னு கிளிக் பண்ணிப் பாத்துட்டுத்தான் ஒதுக்கினேன்.

மிச்சம் நின்னது இதுதான். எடுத்த பக்கம் ஸ்லாட்டைச் சுத்தி ரெண்டு வளையம். சேத்த பக்கம் ரிப்புக்கு, அதாவது பலத்துக்கு நிக்கிற விலாச் சுவருக்கு, ரெண்டு பக்கமும் 1 மி.மீ. தகடு, அதாவது ரிப் 8ல இருந்து 10 ஆகியிருக்கு. அப்புறம் எடுத்த பக்கம், சேத்த பக்கம் ரெண்டுலயும் பிறை மாதிரி குட்டியா ஒவ்வொரு துண்டு, கிரீஸ் நிப்பிள் ஓட்டைகிட்ட, பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கிற ஓட்டை அது. ஓட்டை அப்படியே 3 மி.மீ. நகந்திருக்கு. அதே சைஸ், அதே ஆழம், அதனால வால்யூம்ல ஒரு பொட்டு கூடக் காட்டாது. அந்த ஓட்டை பேரிங்குக்கும் கவருக்கும் நடுவுல இருக்க 6 மி.மீ. இடைவெளில திறக்கணும். 3 மி.மீ. நகந்தா பாதி ஓட்டை பேரிங்கோட வெளி வளையத்துக்குப் பின்னால போய் அடைஞ்சிரும். தண்ணியும், ஃபார்மிக் ஆசிட் ஊத்தி உறைஞ்ச ரப்பர் பால்ல இருந்து பிழியுற நீரும் நாள் பூரா தெறிக்கிற மெஷின், கிரீஸ் போகலைன்னா பேரிங் எத்தனை நாளைக்கு நிக்கும்.

இன்னொரு தடவை உறுதிப்படுத்த ரெண்டையும் எஸ்டிஎல்லா, அதாவது சின்னச் சின்ன முக்கோணம் கோத்த மெஷ்ஷா எடுத்து, கிளவுட்கம்பேர்ங்கிற சாஃப்ட்வேர்ல வித்தியாசத்துக்குக் கலர் போட்டுப் பாத்தேன். முதல் தடவை போருக்குள்ள வரிவரியா கலர் வந்து பயந்துட்டேன், அது மெஷ் கொரகொரன்னு எடுத்ததால, நைசா எடுத்ததும் போயிருச்சு. ரிப்பும் ஓட்டையும் அப்படியே நின்னுச்சு.

ராத்திரி பத்து மணிக்கு மூடப் போகும்போது, லேத்துல இருக்க அண்ணன் "டிராயிங் பாத்தியா, போருக்கு என்ன ஃபிட்டு?"ன்னு கேட்டாரு. மாடல்ல 62ன்னா 62தான், டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம்ங்கிறது, எங்களுக்கு டிராயிங்ல மட்டும்தான் வரும். ரெண்டு பிடிஎஃப்பையும் எடுத்துப் பாத்தா பழசுல எச்7, புதுசுல கே7. 62 போருக்கு எச்7ன்னா 0 முதல் +0.030 மி.மீ. வரை, கே7ன்னா -0.021 முதல் +0.009 வரை. பழைய புரோகிராம்ல ஓட்டியிருந்தா 12 ஹவுசிங்ல பெரும்பாலும் லூசாத்தான் போயிருக்கும். அவர் கேக்கலைன்னா நான் பாத்திருக்க மாட்டேன், அதைச் சொல்லியே ஆகணும்.

காலைல ஸ்கிரீன்ஷாட்ல எல்லாத்தையும் வட்டம் போட்டு அனுப்பிட்டு ஃபோன் பண்ணினேன். அங்க டிசைன் பண்ற தம்பி ரிப்பும் கே7ம் வேணும்னுதான் மாத்தினதுன்னு சொன்னான், சொல்ல விட்டுப் போச்சாம். கிரீஸ் ஓட்டைன்னதும் ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. பொறவு "அண்ணே, அதை நான் தொடவே இல்லையே"ன்னான். ஓட்டைக்கு அளவு ஸ்லாட்டோட ஓரத்துல இருந்து குடுத்திருந்திருக்கான், ஸ்லாட் 24ல இருந்து 30 ஆனதும் ஓரம் 3 மி.மீ. தள்ளிப் போச்சு, அது கூடவே ஓட்டையும் போயிருக்கு. அவனுக்கே தெரியாது.

ரிப் இந்த 12க்கும் 8லயே இருக்கட்டும், அடுத்த லாட்டுக்கு வார்ப்புக்கு அச்சு எடுக்கிற பேட்டர்னை மாத்திக்கலாம்னு முடிவாச்சு. மத்தியானம் ரெவிஷன் சி வந்துச்சு. பியையும் சியையும் வச்சு திரும்ப ரெண்டு பக்கமும் கழிச்சேன், பிறைத் துண்டு ரெண்டு மட்டும்தான் நின்னுச்சு. டிராயிங்கையும் ஒரு தடவை வரி வரியாப் பாத்துட்டு முதல் காஸ்டிங்கை ஏத்தச் சொன்னேன்.