நரம்பு தேடிய நாட்கள்
டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ வகுப்பில், ரத்தம் எடுத்துப் பழக ஒரு ரப்பர் கை வைத்திருந்தார்கள். அதில் நான் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எனக்கு முன்னால் படித்தவர்கள் குத்திக் குத்தி, ஊசி போக வேண்டிய இடம் தடமாகவே தெரியும். தப்பினால்தான் அதிசயம்.

அப்புறம் மதுரையில் ஒரு லேபில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். காலை ஆறரைக்கே பெஞ்சு நிறைந்துவிடும். மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்திருப்பார்கள். அவர்களுக்குப் பசி, எனக்குக் கை நடுக்கம்.

புத்தகத்தில் சிரை என்று இருக்கும் ரத்தக் குழாயை இங்கே எல்லாரும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். நிஜ நரம்பில் ஊசி பட்டால் வேறு கதை: கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று கையை உதறுவார்கள். உடனே ஊசியை எடுத்துவிட வேண்டும்.

முதல் ஆள் ஒரு மூட்டை தூக்குகிறவர். கையில் கயிறு கயிறாக நரம்பு. சுலபம் என்று நினைத்துக் குத்தினேன், நரம்பு நழுவி ஓடிவிட்டது. கீழே கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிக்கவில்லை. அடுத்து வந்தவருக்குக் கொழுகொழுவென்ற கை, ஒன்றுமே தெரியவில்லை. சீனியர் அக்கா, "கண்ணை மூடிட்டுத் தடவிப் பாரு" என்றார். முழங்கை மடிப்புக்கு நாலு விரல் மேலே ரப்பரைக் கட்டி, ஆள்காட்டி விரலால் அமுக்கிப் பார்த்தேன். தசைநாண் விறைப்பாக இருக்கும், தமனி துடிக்கும். நரம்பு அப்படியில்லை, தோலுக்கடியில் சைக்கிள் வால்டியூபை வைத்து அமுக்கின மாதிரி உள்ளே போய்த் திரும்ப எழும். அன்றைக்குத்தான் அதை விரல் பிடித்துக்கொண்டது. ஊசியின் வெட்டுமுகம் மேலே பார்க்க, 15 முதல் 30 டிகிரிக்குள் சாய்த்துக் குத்தினேன். சிரிஞ்சின் அடியில் ரத்தம் எட்டிப் பார்த்தபோது நான் மூச்சு விடவே மறந்திருந்தேன்.

சரி, கற்றாயிற்று என்று நினைத்த வாரத்தில்தான் அந்த அப்பத்தா வந்தார். ரத்தம் நன்றாகவே வந்தது. ஆனால் அவசரத்தில் ரப்பர் கட்டை அவிழ்க்காமலே ஊசியை உருவிவிட்டேன். மெல்லிய தோலுக்கடியில் நீலமாக ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கியது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அழாத குறையாக நின்றேன். "விடு தாயி, கதிரறுக்கையில படாத வெட்டா இது" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

குத்துவதைவிடக் குழாய்கள்தான் என்னை நிறைய வாட்டின. இளநீல மூடிக்குழாயில் கோடு வரை ரத்தம் வேண்டும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, அதை உறையாமல் வைக்கும் சிட்ரேட் ஒரு பங்கு என்ற கணக்கு. அதை முதலில் நிரப்பி, அப்புறம் சிவப்பு மூடி, ஊதா மூடி, கடைசியில் சாம்பல் மூடி என்று வரிசையாகப் போக வேண்டும். ஒருநாள் சிவப்பில் ரத்தம் குறைந்ததால் ஊதாவிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றப் போனேன். அக்கா கையைப் பிடித்துவிட்டார். ஊதாவில் ரத்தம் உறையாமலிருக்க இருக்கும் ஈ.டி.டி.ஏ. உப்பு கலந்தால் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி, நன்றாக இருக்கிறவருக்கு ஆபத்து என்று ரிப்போர்ட் போகும். மன்னிப்புக் கேட்டு அந்த ஆளை மறுபடி குத்தினோம்.

பெயர் கேட்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மதுரையில் "மீனாட்சி" என்று கூப்பிட்டால் பெஞ்சிலிருந்து ரெண்டு பேர் எழுவார்கள். "நீங்கதானே மீனாட்சி?" என்றால் காது மந்தமானவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். "உங்க பேரு என்ன, வயசு என்ன?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, எடுத்த கையோடு அங்கேயே குழாயில் எழுதிவிட வேண்டும்.

மூன்று மாதச் சர்க்கரை பார்க்க அப்பத்தா மறுபடி வந்தார். அக்காவின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. என் எதிரில் வந்து உட்கார்ந்து, "போன தடவ அந்தக் கை, இப்ப இதுல எடு" என்று இடது கையை நீட்டினார். சிரிஞ்சில் ரத்தம் ஏறத் தொடங்கியதுமே கட்டை அவிழ்த்துவிட்டேன்.