மூன்றாவது முகாமில்தான் தண்ணீர் ஒழுங்காகக் கொதித்தது

முகாமுக்கான முதல் கேஸ் அடுப்பை எடை பார்த்துத்தான் வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், கால்களை விரித்து கேஸ் டப்பாவின் தலையில் நேராகத் திருகிவிட்டால் அடுப்பு தயார். அதில் ஒரு சங்கடம்: அவசரத்தில் திருகினால் மரை கோணலாக ஏறி 'உஸ்ஸ்' என்று வாயு கசியும். முதல் நாளே அப்படி ஆனது. அதிலிருந்து, டப்பாவை நிமிர்த்தி வைத்து, மெதுவாகத் திருகி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தொட்டு, குமிழி வராவிட்டால்தான் பற்றவைக்கிறேன்.

மொட்டைமாடியில் காற்றில்லாத மாலையில் சோதித்தேன். அரை லிட்டர் தண்ணீர், மூடி போட்ட பாத்திரம். இரண்டே முக்கால் நிமிடத்தில் கொதித்தது. டப்பாவைத் தராசில் வைத்துப் பார்த்தால் 7 கிராம் குறைந்திருந்தது. டப்பாவில் இருப்பது 220 கிராம் வாயு. அப்படியானால் முப்பது தடவை கொதிக்க வைக்கலாம்! இந்தக் கணக்கை நம்பித்தான் கிளம்பினேன்.

முதல் முகாம் ஒரு மேட்டில். நல்ல காற்று. சுடர் பாத்திரத்தின் அடியில் நிற்காமல் ஒரு பக்கமாகவே ஓடியது. எட்டு நிமிடம் கழித்தும் அடியில் சின்னக் குமிழிகள்தான். வீட்டுக்கு வந்து எடை போட்டால், அந்த ஒரு பாத்திரத்துக்கு 21 கிராம் போயிருந்தது. மூன்று மடங்கு! அலுமினியத் தாளால் சுற்றிலும் மறைக்கலாமா என்று கை பரபரத்தது. ஆனால் இந்த வகை அடுப்பில் டப்பா பர்னருக்கு நேர் கீழே இருக்கிறது. சுற்றி அடைத்தால் சூடு உள்ளேயே தங்கி டப்பா வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால் காற்று வரும் பக்கம் மட்டும் பைகளை ஒரு கை தூரத்தில் அடுக்கி, அவ்வப்போது டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கைக்கு வெதுவெதுப்பு தட்டினால் அணைத்துவிட வேண்டியதுதான்.

இரண்டாவது முகாமில் காற்று இல்லை, குளிர் இருந்தது. விடியற்காலையில் பற்றவைத்தபோது சுடர் நன்றாகத்தான் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் சுருங்கி, விரல் நுனியளவுக்கு வந்துவிட்டது. டப்பா காலியோ என்று ஆட்டினேன். உள்ளே திரவம் நன்றாகவே தளும்பியது. வெளிப்புறத்தில் மெல்லிய வெண்பனி படிந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது: திரவம் வாயுவாகும்போது டப்பாவின் சூட்டையே உறிஞ்சுகிறது. நான் கொண்டுபோன டப்பாவில் இருந்தது வெறும் பியூட்டேன் வாயு. அதன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. வெளியே 3 டிகிரி இருந்தாலும் டப்பா சீக்கிரமே அந்த எல்லைக்கு இறங்கிவிடும், அழுத்தம் போய்விடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில். குளிருக்கு இவை கலந்த டப்பாதான் சரி. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: புரொப்பேன் முந்திக்கொண்டு தீர்ந்துவிடும், கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் குளிரில் எளிதில் ஆவியாகாத மந்தமான பங்குதான். பாதி தீர்ந்த டப்பாவைக் குளிர்காலையில் நம்பக்கூடாது.

அன்றைக்கு ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி டப்பாவை அதில் நிறுத்தினேன். கை பொறுக்கும் சூடு போதும், கொதிநீர் கூடாது. சுடர் மறுபடி எழுந்தது. இப்போதெல்லாம் இரவில் டப்பா என் தூக்கப் பைக்குள் கால்மாட்டில் படுத்துக்கொள்கிறது.

மூன்றாவது முகாமுக்கு ரப்பர் குழாய் வைத்த, தரையோடு உட்காரும் அடுப்பு ஒன்று எடுத்துப் போனேன். எடை இரண்டு மடங்கு, குழாய் முரண்டு பிடிக்கும். ஆனால் டப்பா தள்ளி நிற்பதால் பர்னரைச் சுற்றித் தைரியமாகக் காற்றுத்தடுப்பு வைக்க முடிந்தது. சுமாரான காற்றில் அரை லிட்டருக்கு 8 கிராம். எனக்கு இது போதும்.

மாலையில் மழை பிடித்தது. டென்ட்டுக்குள் பற்றவைக்கலாம் என்று உடன் வந்தவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. துணி பற்றிக்கொள்வது ஒரு பக்கம். அடுப்பு எரியும்போது வரக்கூடிய விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஒரு மணி நேரம் பசியோடு உட்கார்ந்திருந்தோம், அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மழை விட்டதும் பார்த்தால் பற்றவைக்கும் பொத்தான் ஈரத்தில் பொறியே தரவில்லை. பையில் லைட்டர் இருந்ததால் தப்பித்தேன்.

இந்த அடுப்பில் பர்னரை ஒட்டி ஒரு பித்தளைக் குழாய் ஓடுகிறது. அது சூடேறியதும் டப்பாவைத் தலைகீழாக்கித் திரவமாகவே அனுப்பலாம், குழாயின் சூட்டில் அது வாயுவாகிவிடும், குளிரிலும் சுடர் குறையாது. இன்னும் செய்து பார்க்கவில்லை. ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் அது நிறைந்திருக்கும்போதுள்ள எடையை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த குளிரில் கணக்கு தெரிந்துவிடும்.