கொடைக்கானல் குளிரில் ஒயின், கூடவே மெக்சிகோ சிற்றுண்டி

ஒயின் ருசிபார்க்கும் விருந்துக்குத் தின்பண்டம் கொண்டுபோகிறவர், அங்கே முதல் மரியாதை ஒயினுக்குத்தான் என்பதை மறக்கக் கூடாது. ஒரு வகைக்கு 50, 60 மில்லிதான் ஊற்றுவார்கள். அந்த இரண்டு மடக்கில் வாசனை, புளிப்பு, துவர்ப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிய வேண்டும். நாக்கு எரிந்துகொண்டிருந்தால் எதுவுமே தெரியாது. மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைத் தூக்கிக் காட்டும். சிவப்பு ஒயினின் துவர்ப்பைக் கசப்பாக்கும்.

மெக்சிகோ சாப்பாட்டில் காரத்தைக் குறைத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். எலுமிச்சைப் புளிப்பு, உப்பு, சுட்ட சோளத்தின் மணம், கொத்தமல்லி, பட்டர் ஃப்ரூட்டின் வழவழப்பு என்று நிறையவே மிஞ்சும். அத்தனையும் ஒயினுக்கு ஒத்துப்போகிறவை. உப்பு துவர்ப்பைத் தணிக்கும். புளிப்பான பண்டத்தைத் தின்றுவிட்டுக் குடித்தால் ஒயினின் புளிப்பு அடங்கி, பழச்சுவை மேலே வரும். அதனால் காரத்தில் கை வைத்துவிட்டு, புளிப்பையும் உப்பையும் தாராளமாக விடுங்கள்.

பழனிமலைத் தொடரில் இருப்பவர்கள் சாமானுக்கு அலைய வேண்டியதில்லை. பட்டர் ஃப்ரூட், சௌசௌ, மக்காச்சோளம் எல்லாமே மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் உலகத்துக்குக் கொடுத்த பயிர்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டங்களில் பட்டர் ஃப்ரூட் காய்க்கிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி-1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. மிச்சத்தைக் கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிவிடலாம். கீழே உள்ள அளவுகள் 12 பேருக்கு. சாப்பாடு தனியாக உண்டு என்றால் ஆளுக்கு ஐந்தாறு துண்டு போதும்.

முதலில் குவாக்கமோலே, அதாவது பட்டர் ஃப்ரூட் மசியல். பழத்தை ஐந்தாறு நாளுக்கு முன்பே காயாக வாங்கிவிடுங்கள். மலைக்குளிரில் அது சீக்கிரம் பழுக்காது. அரிசிப் பானைக்குள் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துப் புதைத்து வைத்தால், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு வேலையைத் துரிதப்படுத்தும். காம்புப் பக்கம் மெல்ல அழுத்தினால் இலேசாக அமுங்க வேண்டும். காம்பின் குமிழை நெம்பிப் பாருங்கள்: அடியில் பச்சையாக இருந்தால் பழம் சரி, பழுப்பாக இருந்தால் உள்ளே கறுத்திருக்கும்.

நம் பக்கத்துப் பழங்களில் பலவும் பெரியவை, பச்சைத் தோல் கொண்டவை, நீர் அதிகம், எண்ணெய்ச் சத்து குறைவு. மிக்சியில் அடித்தால் கூழாகி ஓடிவிடும். கரண்டியின் பின்புறத்தால் பாதி மசித்து, பாதியைத் துண்டாகவே விடுங்கள். தக்காளி சேர்க்க வேண்டாம், அது இன்னும் தண்ணீர் விடும். 600 கிராம் சதைக்கு 60 கிராம் சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, ஒரு பச்சை மிளகாய், 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 6 கிராம் உப்பு. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பிழியுங்கள். இல்லாவிட்டால் அதன் நெடி அடுத்த மூன்று கிளாஸ் வரை வாயில் நிற்கும். மிளகாயின் காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் பச்சை வாசனை மட்டும் தங்கும். சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினிலும் அதே பச்சை வாசனை உண்டு என்பதால் இரண்டும் அழகாகச் சேரும். பூண்டு மட்டும் இதில் வேண்டவே வேண்டாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் வீரியத்தில் எனக்கும் பெருமைதான். ஆனால் பச்சையாகப் போட்டால் ஒயினின் வாசனையை அப்படியே விழுங்கிவிடும்.

கறுப்பதைத் தடுக்கக் கொட்டையை நடுவில் வைப்பார்கள். கொட்டை மூடியிருக்கும் இடம் மட்டும்தான் கறுக்காது. வெட்டிய சதை காற்றுப் பட்டுத்தான் நிறம் மாறுகிறது என்பதால் காற்றை மறிக்க வேண்டும். சின்ன டப்பாவில் இடைவெளியில்லாமல் அழுத்தி நிரப்பி, பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பிலேயே ஒட்டி, அதற்கு மேல் மூடி போடுங்கள். ஐந்தாறு மணி நேரம் பச்சையாகவே இருக்கும்.

இதைத் தாங்குவதற்கு ஒரு மொறுமொறுப்பு வேண்டும். கடை நாச்சோஸ் (சோள சிப்ஸ்) வாங்குவதென்றால் வெறும் உப்புப் போட்டதை மட்டும் வாங்குங்கள். மசாலா தூவியது ஒயினைக் கெடுக்கும். நேரம் இருப்பவர்கள் வீட்டிலேயே சின்ன தோஸ்தாதா (மொறுமொறுவென்று பொரித்த சோள ரொட்டி) செய்யுங்கள், வித்தியாசம் முதல் கடியிலேயே தெரியும். பலரும் இடறுவது மாவில்தான். கடையில் கார்ன் ஃப்ளோர் என்று விற்பது வெறும் ஸ்டார்ச். மக்காச்சோள மாவும் உதவாது, தட்டினால் ஓரம் வெடித்து உதிரும். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அரைக்கிறார்கள். சுண்ணாம்பு தோலைக் கழற்றி, மாவுக்குப் பிடிமானம் கொடுக்கிறது. தோர்த்தியா என்கிற மெக்சிகோ சோள ரொட்டியின் தனி மணமும் அதிலிருந்து வருவதுதான்.

500 கிராம் காய்ந்த மக்காச்சோளம் எடுங்கள், ஸ்வீட் கார்ன் ஆகாது. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரையுங்கள். வாசனையோ நிறமோ கலக்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்கட்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், எவர்சில்வர்தான் சரி. சமவெளியில் முக்கால் மணி நேரத்தில் பதம் வந்துவிடும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அவசரப்பட்டுக் குக்கரில் போட்டால் குழைந்து பசையாகிவிடும். விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், மணியை வெட்டினால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு வேகாமல் இருக்க வேண்டும். அப்போது இறக்கி, மூடி, கம்பளியால் சுற்றி வைத்துவிடுங்கள். சுற்றாவிட்டால் இந்தக் குளிரில் ஊறுவதற்குள் ஆறிவிடும்.

மறுநாள் காலையில் மூன்று தண்ணீர் மாற்றிக் கசக்கிக் கழுவி, கிரைண்டரில் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைத்து எடுங்கள். மிக்சி இவ்வளவு கெட்டியாக அரைக்காது, தண்ணீர் கேட்கும். 15 கிராம் உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தட்டையான தட்டால் அழுத்தினால் ஏழு சென்டிமீட்டர் வட்டம் வரும். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, தாளில் ஒட்டினால் கூடிவிட்டது. 60 வட்டம் தேறும். இரும்புத் தோசைக்கல்லில் பக்கத்துக்கு முக்கால் நிமிடம் சுட்டு, 100 டிகிரி ஓவனில் கால் மணி நேரம் உலர்த்துங்கள். ஓவன் இல்லாவிட்டால் சிறு தீயில் கல்லிலேயே திருப்பித் திருப்பிப் போடலாம். இந்த ஊர் ஈரக்காற்றில் வெளியே பரப்பிக் காயவைப்பது நடக்காத காரியம். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெயில் பூரியாக உப்பி, ஆறியதும் தொய்ந்துவிடும். 180 டிகிரி எண்ணெயில் ஒன்றரை நிமிடம், குமிழ் அடங்கியதும் எடுத்து, சூடு ஆறுவதற்குள் உப்பு தூவுங்கள்.

சிவப்பு ஒயினுக்குப் பீன்ஸ் மசியல். காய்ந்த பட்டர் பீன்ஸோ ராஜ்மாவோ 250 கிராம், எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். மலையில் குக்கருக்குள்ளும் சூடு கொஞ்சம் குறைவுதான், வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். ராஜ்மா அரைவேக்காட்டில் இருந்தால் வயிற்றைப் புரட்டும், அதில் மட்டும் சந்தேகம் வைக்காதீர்கள். காரம் குறைந்த பியாட்கி மிளகாய் வற்றல் இரண்டை விதை நீக்கி, கல்லில் இருபது நொடி வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். கருகினால் அந்தக் கசப்பும் ஒயினின் துவர்ப்பும் கைகோத்துக்கொள்ளும், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாட்டுங்கள். மூன்று கரண்டி நெய்யில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, சுட்ட பூண்டு மூன்று பல், அரைக் கரண்டி சீரகத்தூள், மிளகாய் விழுது, வெந்த பீன்ஸ் சேர்த்து மசியுங்கள். ஆறினால் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். மேலே தூவ, உப்புப் பிசிறி உதிர்த்த பனீர் கேசோ ஃபிரெஸ்கோ என்ற மெக்சிகோ பாலாடைக்கட்டிக்கு நல்ல மாற்று. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஊற்றும் நேரத்துக்கு இதை எடுத்து வையுங்கள்.

சோளக் கோப்பை சுலபம். நான்கு சோளத்தைத் தணலில் ஆங்காங்கே கருகச் சுட்டு, உதிர்த்து, இரண்டு கரண்டி மயோனைஸ், எலுமிச்சை, உதிர்த்த பனீர், ஒரு சிட்டிகை காஷ்மீர் மிளகாய்த்தூள். நாசிக்கிலிருந்து வரும் இலேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் இதற்கென்றே பிறந்த வெள்ளை ஒயின்.

செவிச்சே (எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன்) கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்று மீனையோ ஏரி மீனையோ பச்சையாக எலுமிச்சையில் ஊறவைத்துப் பரிமாறாதீர்கள். புளிப்பில் சதை வெளுக்குமே தவிர ஒட்டுண்ணி சாகாது. பட்டன் காளானை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, அதே மாதிரி ஊறவைத்தால் போதும், ருசியில் குறையில்லை. இரண்டு ஒயினுக்கு நடுவே வாயைத் துடைத்துவிட இளசான சௌசௌவைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு வெட்டி, எலுமிச்சையும் உப்பும் தடவி வையுங்கள். மெக்சிகோவில் ஹிகாமா கிழங்கை இப்படித்தான் தின்கிறார்கள்.

விருந்து வீட்டில் பன்னீர் திராட்சையில் செய்த இனிப்பு ஒயின் இருக்கும் என்று தெரிந்தால் கணக்கு மாறும். கம்பம் பள்ளத்தாக்கின் அந்தத் திராட்சைக்கு மணமும் இனிப்பும் தூக்கல். இனிப்பு காரத்தைத் தாங்கும், அன்றைக்கு மிளகாயின் நரம்பைச் சுரண்ட வேண்டாம். எலுமிச்சையையும் பாதியாகக் குறையுங்கள்.

எதையும் வீட்டிலேயே சேர்த்து அடுக்கிக் கொண்டுபோகாதீர்கள். மூடுபனியில் பத்து நிமிடம் திறந்து கிடந்தாலே தோஸ்தாதா நமத்துவிடும், வளைவுகளில் வண்டி ஆடினால் மேலே வைத்தது சரியும். தோஸ்தாதா காற்றுப் புகாத தகர டப்பாவில், மசியல்கள் தனித்தனி டப்பாவில், கொத்தமல்லி ஈரத் துணியில். நமத்துப்போனாலும் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் மீண்டுவிடும். போனதும் முதலில் ஒயினைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளைக்கு 8 முதல் 10 டிகிரி, சிவப்புக்கு 16 முதல் 18. மார்கழியில் இந்த ஊர் அறைக்குள் சிவப்பு ஒயின் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும், துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். கணப்புக்குப் பக்கத்தில் வைக்காமல், கூடத்தின் வெதுவெதுப்பான மூலையில் ஒரு மணி நேரம் விட்டுவிடச் சொல்லுங்கள். அதுவரை குவாக்கமோலேயும் வெள்ளை ஒயினும் ஓடட்டும், பீன்ஸ் மசியலை ஒரு கரண்டி வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ள நேரம் சரியாக இருக்கும்.