பச்சைத் தாள் கொடுத்தும் இடது பக்கம் ஓடிய ஸ்விஃப்ட்

முன் ஷாக் இரண்டும், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களும் மாற்றி வந்த பிறகுதான் எங்கள் பழைய ஸ்விஃப்டுக்குக் கோளாறே ஆரம்பித்தது. அதற்கு முன் பள்ளத்தில் இறங்கினால் 'டக் டக்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான். வேலை முடிந்து வந்ததும் சத்தம் போயிற்று, பதிலுக்கு மூன்று தொல்லை. கையை விட்டால் வண்டி இடது பக்கம் போகிறது. நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. வளைவில் திரும்பி வெளியே வந்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதில்லை, நாம்தான் இழுத்து வர வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் சக்கரங்கள் நிற்கும் கோணங்களை மெஷினில் அளந்த அலைன்மெண்ட் தாளை நீட்டினார்கள். எல்லாக் கட்டமும் பச்சை. "மெஷினே ஓகே சொல்லுது சார், ரோடு வாட்டமா இருக்கும்."

வாட்டம் என்பது சும்மா சொல்வதில்லை. மழைத்தண்ணீர் வடிய ரோடுகள் ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடது பக்கம் ஓட்டும் நம் ஊரில் எந்த வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் போகத்தான் செய்யும். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று சூலூர் பக்கம் சைட் போட்டு இன்னும் வீடு வராத ஒரு லேஅவுட்டுக்கு விடிகாலையில் போனேன். ரோட்டின் நடுவில், போகும்போதும் வரும்போதும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு திசையிலும் இடதுதான். ரோடு தப்பித்தது.

அடுத்து காசு செலவில்லாத சோதனைகள். காற்றைச் சமமாக வைத்து முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டேன். (சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் இப்படி மாற்றக் கூடாது.) டயரில் குறை என்றால் இழுப்பும் பக்கம் மாறியிருக்கும். மாறவில்லை. பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோனேன். சூடு ஒரே மாதிரி இருந்தது, பிரேக்கை அழுத்தும் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

அப்புறம்தான் அந்தத் தாளை உட்கார்ந்து படித்தேன். கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) இடது பக்கம் +0.6 டிகிரி, வலது பக்கம் −0.3. இரு புறமும் ஒரு டிகிரி வரை போகலாம் என்று போட்டிருக்கிறது, ஆகவே இரண்டும் பாஸ். ஆனால் வண்டியை இழுப்பது இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம். கேம்பர் எந்தப் பக்கம் அதிக பிளஸ்ஸோ, அதாவது சக்கரத்தின் தலை எந்தப் பக்கம் அதிகம் வெளியே சாய்ந்திருக்கிறதோ, வண்டி அந்தப் பக்கம் போகும். இங்கே கிட்டத்தட்ட ஒரு டிகிரி! ஸ்ட்ரட்டையும் (ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த தூண்) நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) சேர்ப்பவை இரண்டு போல்ட்டுகள். ஓட்டையில் இம்மி அளவு இடைவெளி உண்டு. நக்கிளை எந்தப் பக்கம் தள்ளி வைத்து முறுக்குகிறோமோ, சக்கரம் அப்படியே நின்றுவிடும். அவசரத்தில் முறுக்கியிருக்கிறார்கள்.

ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராததற்கு இது காரணமாகாது. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, தம்பியை ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லி, ஸ்ப்ரிங் மேல் உள்ளங்கையை வைத்தேன். வலது ஸ்ப்ரிங் சக்கரத்தோடு சேர்ந்து சீராகச் சுற்றியது. இடது ஸ்ப்ரிங்கில் கீழ் முனை மட்டும் திரும்பியது. மேல் முனை அடம்பிடித்து நின்று, முறுக்கேறி, 'டங்' என்று குதித்தது. அந்த அதிர்வு முழங்கை வரை வந்தது. மேலே உள்ள ஸ்ட்ரட் பேரிங் இறுகிப்போயிருக்கிறது.

ஸ்ட்ரட்டை வீட்டிலேயே கழற்றிவிட்டேன். ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிரிப்பது மட்டும் விளையாட்டில்லை, நழுவினால் ஆளையே அடிக்கும். அதைத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பிரித்ததும் பேரிங்கை என் கையில் வைத்தார். விரலால் சுற்றினால் நறநறவென்றது. கிரீஸ் காய்ந்து, ஓரமெல்லாம் துரு.

"ஏனுங்க தம்பி, இதைப் புதுசுன்னா பில்லு போட்டாங்க?"

பில்லில் புதுசுதான். போதாததற்கு ஸ்ப்ரிங்கின் கீழ் நுனியும் அது உட்காரும் தட்டில் இருக்கும் படியில் உட்காராமல் தள்ளி நின்றது. புது பேரிங் போட்டு, நுனியைப் படியில் உட்கார வைத்து, திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் தலையை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை டார்க் ரென்ச்சில் முறுக்கினேன்.

கையோடு லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பார்த்தேன். புஷ்ஷின் ரப்பர் நடுவில் உள்ள இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். அந்த ரப்பர் முறுக்கித்தான் ஆர்ம் ஏறி இறங்கும். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரங்களை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, முழு எடையும் சஸ்பென்ஷனில் இருக்கும்போதே போல்ட்டைத் தளர்த்தினேன். இடது பக்கம் 'டக்' என்று ஆர்ம் விட்டுக்கொடுத்தது. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரை அளந்தால் தளர்த்துவதற்கு முன் இருந்ததைவிட 8 மி.மீ. குறைவு. அதே நிலையில் திரும்ப முறுக்கினேன்.

இழுப்பு போயிற்று. ஸ்டீயரிங்கும் வளைவு முடிந்ததும் தானாக நடுவை நோக்கி வந்தது. சாய்வு மட்டும் அப்படியே. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடுகளைப் பார்த்தால் லாக் நட்டுக்கு வெளியே தெரியும் மரை ஒரு பக்கம் நிறைய, மறுபக்கம் கொஞ்சம். ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டாமலேயே மெஷினில் டோ (சக்கரத்தின் முன் விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. கொத்தனார் பிடிக்கும் நைலான் நூலை வண்டியின் இரு புறமும் கட்டினேன். முன் சக்கர மையங்களிலிருந்து இரு புறமும் ஒரே தூரம், பின்னாலும் அதே மாதிரி இரு புறமும் ஒரே தூரம். ஸ்டீயரிங்கை நேராகக் கட்டிவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஸ்கேல் வைத்தேன். 14 அங்குல ரிம்மில் ஒரு மி.மீ. வித்தியாசம் என்றால் சுமார் 0.16 டிகிரி, ஆகவே இரும்பு ஸ்கேலே தாராளம். ஒரு டை ராடை உள்ளே, மற்றதை அதே அளவு வெளியே எனக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வண்டியை முன்பின் உருட்டி உட்கார வைத்து அளந்தேன். உருட்டாமல் அளந்தால் அளவு பொய் சொல்லும்.

ஸ்டீயரிங் இப்போது நேராக நிற்கிறது. வலது முன் டயரின் உள் ஓரம் மட்டும் இதற்குள் தேய்ந்துவிட்டது. ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த் திசையில் கையைச் சுரண்டுகிறது. 60க்கு மேல் போனால் ஊளைச் சத்தம். பழைய பேரிங்கைக் கொண்டுபோய் மேஜையில் வைத்ததும் ஒர்க்‌ஷாப்பில் பேரிங் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அலைன்மெண்ட் காசைப் பற்றிக் கேட்டதற்கு மறுபடியும் அந்தப் பச்சைத் தாளைத்தான் காட்டினார்கள்.