சுவர் யார் பொறுப்பு?

நான் சொன்ன பதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மலைச்சரிவில் இருக்கும் ஒரு குடியிருப்புக்கு நாங்கள் வரைந்த திட்டத்தை அங்கிருப்பவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். “அப்போ இனிமே மாநகராட்சி ஆளு மேலே வரவே மாட்டாங்களா சார்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “வர வேண்டிய தேவையே இருக்காது” என்றேன். தனக்கு வேண்டிய நீரையும் உணவையும் தானே தேடிக்கொள்வது, தற்சார்புக் குடியிருப்பு என்றால் அதுதானே? அவர் “சரி” என்று உட்கார்ந்துவிட்டார். அந்த “சரி”தான் உறுத்துகிறது.

மழைநீர்க் கணக்கு கையில் இருந்தது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை, ஆளுக்கு 20 சதுர மீட்டர் கூரை என்று வைத்தால், சேதாரம் போக 16,000 லிட்டர் தேறும். நாளுக்கு ஏறக்குறைய 44 லிட்டர். குடிக்க, சமைக்கப் போதும், துவைக்க இழுபறிதான். படிநிலத்தில் காய்கறி விளையும், அரிசி கீழேயிருந்துதான் வரவேண்டும். முழுத் தற்சார்பு எல்லாம் வரைபடத்தில்தான்.

ஆனால் அவர் கேட்டது தண்ணீரைப் பற்றியே அல்ல என்று அப்புறம் தோன்றியது. சமவெளியில் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது நல்ல காரியம். சரிவில் அதே நீர் உள்ளே தேங்கினால் மண்ணின் எடை கூடும், பிடி தளரும், மொத்தமும் சரிந்து வரும். சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவரில் நீர் வடியத் துளை விடுவது அதற்காகத்தான். அங்கிருந்த பழைய சுவர் ஒன்றில் அந்தத் துளைகளுக்குள் கந்தல் துணியைத் திணித்திருந்தார்கள். சேற்றுத் தண்ணீர் வாசலில் வழிகிறதாம். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? சுவருக்குப் பின்னால் நடப்பது வாசலிலிருந்து தெரியாது. சரிவு முழுவதையும் சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டும்.

ஹாங்காங்கில் 1972-லும் 1976-லும் சரிவுகள் இடிந்து பலர் இறந்தபிறகு, 1977-ல் சரிவுகளைக் கவனிப்பதற்கென்றே அரசு ஓர் அலுவலகம் திறந்தது. கொலம்பியாவின் மெடலின் நகரம் 2004-ல் மலைக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் விட்டது. இரண்டு இடத்திலும் நகரம்தான் மேலே ஏறிப் போனது. நாங்கள் வரைந்தது நகரம் கைகழுவ வசதியான திட்டமோ?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அவ்வளவு உயரத்துக்குப் பம்ப் வைத்து நீர் ஏற்றுவது பெருஞ்செலவு; குழாய் வரும்வரை காத்திரு என்றால் யார் காத்திருப்பது? வாசலில் தொட்டி இருந்தால் அன்றைய பாடு அன்றைக்குக் கழியும்.

தடுப்புச்சுவரும் வடிகாலும் மாநகராட்சியின் பொறுப்பு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். “தற்சார்புன்னு தலைப்பு வச்சுட்டு இதை எங்க போடறது?” என்றார் குழுத் தலைவர். பின்னிணைப்பில் போடலாம் என்று முடிவானது. நானும் ஒப்புக்கொண்டேன், திட்டமே நின்றுபோவதற்கு அது மேல். பட்ஜெட் போடுகிறவர்கள் அதுவரை புரட்டுவார்களா என்பது வேறு விஷயம்.